சிக்கலான பவுத்திரமும் அதன் அறுவை வழிகளும்: ஒரு திறந்த மடல்

பவுத்திரத்துக்கு ஒருமுறை அறுவை செய்தும் ஆறாமல் அடுத்த அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருப்போருக்கும், துணையாக மருத்துவமனைக்கு வந்துபோகும் அவர்களின் குடும்பத்தாருக்கும்,

பவுத்திரம் என்பது ஆசனவாயின் உட்சுவரில் தொடங்கி வெளித்தோலில் வந்து திறக்கும் சீழ்வழி. புரையோடுதல் என்று தமிழில் சொல்வது இந்த நோய்க்கு அப்படியே பொருந்தும். வெளியே பார்த்தால் பரு அளவில் ஒரு துளைதான் தெரியும். உள்ளே அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எத்தனை கிளை விட்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. மூலம் இரத்தக்குழாய்த் திண்டுகளின் வீக்கம். வெடிப்பு தோலில் விழும் கிழிசல். பவுத்திரம் சதைக்குள் ஓடும் பாதை. சுவர் விளம்பரங்கள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதால், மூலத்துக்கான களிம்பிலும் மாத்திரையிலும் மாதக்கணக்கைத் தொலைத்தவர்கள் ஏராளம். பெரியவர்களிடம் பவுத்திரம் தானாக ஆறுவது அரிது. வெளித்துளை சில வாரம் மூடிக்கொள்ளும். உள்ளே சீழ் கட்டும். வலியும் காய்ச்சலும் வரும். பின் அதே இடத்திலோ பக்கத்திலோ உடைத்துக்கொண்டு வழியும்.

இதன் பிறப்பிடம் ஆசனவாய்க்குள்ளேயே இருக்கிறது. சுமார் 4 செ.மீ. நீளமுள்ள அந்தக் கால்வாயின் நடுவில், பல் வரிசைபோல் மடிப்புகள் அமைந்த ஒரு கோடு உண்டு. அந்த மடிப்புகளின் அடியில் சிறு சுரப்பிகள் திறக்கின்றன. அவற்றில் ஒன்று அடைபட்டுக் கிருமி சேர்ந்தால், உள்தசைக்கும் வெளித்தசைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சீழ்க்கட்டி உருவாகிறது. கட்டி தானாக உடைந்தாலும் மருத்துவர் கீறிவிட்டாலும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை அது பவுத்திரமாக நிலைத்துவிடுகிறது. இந்தச் சுரப்பி விளக்கத்தை 1961இல் வலுவாக நிறுவியவர் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸ். அம்மருத்துவமனையே 1835இல் ஃபிரெடரிக் சால்மன் என்ற அறுவை மருத்துவரால், பவுத்திரத்தாலும் பிற மலக்குடல் நோய்களாலும் அவதிப்படும் ஏழைகளுக்கென்று தொடங்கப்பட்டது. வெளியே சொல்லக் கூசும் நோய்க்கு அதன் பெயரையே வாசலில் எழுதி ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது என்பது, இன்றும் கூச்சத்தால் காலம் தாழ்த்துவோர் நினைவில் கொள்ளத்தக்கது.

சிகிச்சையைக் கடினமாக்குவது சீழ் அல்ல, அந்தப் பாதை ஊடுருவிச் செல்லும் தசை. ஆசனவாயை இரண்டு வளையத் தசைகள் மூடி வைத்திருக்கின்றன. உள் சுருக்குத்தசை நம் கட்டுப்பாட்டில் இல்லை. தூங்கும்போதும் அது இறுக்கமாகவே இருந்து கசிவைத் தடுக்கிறது. வெளிச் சுருக்குத்தசை நாம் சொல்வதைக் கேட்கும். அவசரமாக வரும்போது கழிவறைக்குப் போய்ச் சேரும் வரை அடக்கி வைப்பது அதுதான். பாதையைத் திறந்துவிட்டால் பவுத்திரம் ஆறும். ஆனால் திறப்பதென்றால் அதன் மேலுள்ள தசையையும் வெட்ட வேண்டும். வெட்டிய தசை அதிகமானால் முதலில் வாயு கட்டுப்படாது, பிறகு உள்ளாடையில் கறை படும், கடைசியில் மலத்தையே அடக்க முடியாமல் போகும். ஆறாத பவுத்திரத்துக்கு இன்னொரு அறுவை செய்ய வழியுண்டு. இழந்த அடக்கத்தை முழுதாக மீட்டுத் தரும் அறுவை இல்லை. சிக்கலான பவுத்திரத்தில் எந்த முறையையும் இந்தத் தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பாதை இந்தத் தசைகளை எப்படிக் கடக்கிறது என்பதை வைத்துப் பார்க்ஸும் அவருடைய உடன்பணியாளர்களும் 1976இல் நான்கு வகை பிரித்தனர்: இரு தசைகளுக்கு இடையிலேயே இறங்கி வருவது, வெளித்தசையைத் துளைத்து வருவது, தசைக்கு மேலே ஏறி வளைந்து இறங்குவது, தசைக்கட்டுக்கே வெளியே மலக்குடலிலிருந்து நேராக வருவது. முதல் வகையும், வெளித்தசையின் அடிப்பகுதியை மட்டும் துளைக்கும் இரண்டாம் வகையும் எளியவை. வெளித்தசையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாதைக்குள் அடங்கினால் அது சிக்கலானது என்பது பரவலான கணக்கு. கிளைவிட்ட பாதை, ஆசனவாயைச் சுற்றி இருபுறமும் பரவும் குதிரைலாட வடிவப் பவுத்திரம், ஏற்கெனவே அறுவை செய்தும் திரும்பி வந்தது, குரோன் நோய் என்னும் நீடித்த குடல் அழற்சியாலோ காசநோயாலோ கதிர்வீச்சாலோ வந்தது, முன்பே அடக்கம் குறைந்தவருக்கு வந்தது ஆகியவையும் சிக்கலானவையே. பெண்களுக்கு முன்பக்கத்தில் வருவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பக்கத்தில் வெளித்தசை குட்டையாக இருக்கும். பிரசவத்தில் கிழிந்தோ தளர்ந்தோ போயிருக்கவும் கூடும். ஆண் நோயாளிக்குச் சாதாரணமாக முடியும் ஒரு வெட்டு அங்கே பெரும் இழப்பாகிவிடும்.

ஆகவே கத்திக்கு முன் வரைபடம் வேண்டும். குட்சால் என்ற ஆங்கில மருத்துவர் 1900இல் சொன்ன விதி இன்றும் பாடத்தில் உண்டு: வெளித்துளை ஆசனவாய்க்கு முன்பக்கமிருந்தால் பாதை நேராக உள்ளே போகும், பின்பக்கமிருந்தால் வளைந்து பின் நடுவில் போய்த் திறக்கும். முன்பக்கத் துளைகளிலும், மறுபடி வந்த பவுத்திரங்களிலும் இந்த விதி அடிக்கடி பொய்க்கிறது. விரல் பரிசோதனையில் தேர்ந்த மருத்துவர் நிறைய அறிந்துகொள்வார் என்றாலும், சிக்கலான பவுத்திரத்துக்கு எம்.ஆர்.ஐ. இல்லாமல் அறுவைக்குப் போவது இருட்டில் கிணறு தோண்டுவது போன்றது. உள்துளை கடிகார முகப்புக் கணக்கில் எந்த மணி நிலையில் இருக்கிறது, எவ்வளவு தசை பாதைக்குள் இருக்கிறது, எங்கே சீழ் தேங்கியிருக்கிறது, மேலே மலக்குடலை ஒட்டிக் கிளை போயிருக்கிறதா என்பவற்றை அது காட்டுகிறது. 2002இல் லான்செட் இதழில் வெளியான செயின்ட் மார்க்ஸ் ஆய்வு, மறுபடி வந்த பவுத்திரமுள்ள 71 பேரைப் பின்தொடர்ந்தது. எம்.ஆர்.ஐ. காட்டியபடி அறுவை செய்தபோது, மீண்டும் வருவது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தது. ஒருமுறை தோற்ற பவுத்திரத்தில் கண்ணில் படாத கிளையே பெரும்பாலும் காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆசனவாய் வழியே செய்யும் அல்ட்ராசவுண்டும் தசையளவை நன்றாகக் காட்டும்; உயரத்தில் ஓடும் கிளைகளைக் காண எம்.ஆர்.ஐ.யே மேல்.

காரணத்தைத் தேடுவதும் அறுவைக்கு முன் முடியவேண்டிய வேலை. இந்தியாவில் ஆறாத பவுத்திரத்தில் காசநோயை நினைக்காமல் விடுவது பெரும் பிழை. பாதையிலிருந்து சுரண்டி எடுத்த திசுவைக் குப்பையில் போடாமல் பயாப்சிக்கும் காசநோய்க் கிருமியைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும் அனுப்ப வேண்டும். காசநோய் என்று தெரிந்தால் வழக்கமாக ஆறு மாத மருந்து. அதைத் தொடங்காமல் எத்தனை முறை அறுத்தாலும் புண் வாய் திறந்தபடியே இருக்கும். வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு, இளவயதிலேயே பல துளைகள் என்றிருந்தால் குரோன் நோய்க்காகப் பெருங்குடல் எண்டோஸ்கோப்பி செய்வது முறை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் புகைப்பவருக்கும் எந்த முறையிலும் புண் ஆறுவது தாமதமாகும்.

சீழ் தேங்கி நிற்கும்போது பவுத்திரத்தை அன்றே ஒழித்துக்கட்ட முயலக் கூடாது. முதலில் சீழை வடியவிட்டு, பாதை வழியே ஒரு நூலைச் செலுத்தித் தளர்வாக முடிந்து வைப்பார்கள். சீட்டன் எனப்படும் இந்த நூல் எதையும் அறுப்பதில்லை; துளை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே. ஆறு முதல் எட்டு வாரத்தில் அழற்சி அடங்கி, சதையில் கலந்து கிடந்த பாதை தனித்து எடுக்கக்கூடிய தடித்த குழாயாகிறது. அடுத்து வரும் அறுவை எதுவானாலும் இது உதவுகிறது. நூலோடு வேலைக்குப் போகலாம், பேருந்தில் பயணிக்கலாம். நூல் இருப்பதே தோல்வி என்று எண்ணி மனமுடைவோர் உண்டு. அது சிகிச்சையின் ஒரு படி என்பதை யாராவது உட்கார்ந்து அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இறுக்கிக் கட்டும் நூல் வேறு. வாரந்தோறும் இறுக்க இறுக்க அது தசையைச் சிறிது சிறிதாக அறுத்துக்கொண்டு வரும். பின்னால் தழும்பு கட்டிக்கொண்டே வருவதால் தசை ஒரேயடியாக விலகாது என்பது இதன் தத்துவம். கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டிஸ் பெயரால் வழங்கும் மருத்துவ ஏட்டிலேயே குதிரை மயிரும் நூலும் சேர்த்துத் திரித்துக் கட்டும் முறை வருகிறது. தத்துவம் அழகாயிருந்தாலும் நடைமுறையில் வலி அதிகம். அறுக்கும் சீட்டன் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஏறத்தாழ 12 சதவீதம் பேருக்கு அடக்கக் குறை நேர்ந்திருந்தது. மேலே ஓடும் பவுத்திரங்களில் இதைப் பலர் கைவிட்டுவிட்டனர்.

இந்த மரபின் இந்திய வடிவம் ஆயுர்வேதத்தின் க்ஷாரசூத்திரம்; சித்த மருத்துவர்கள் காரநூல் என்பார்கள். சுசுருதர் பகந்தரம் என்ற பெயரில் ஐந்து வகைப் பவுத்திரங்களைப் பிரித்துக் காட்டினார். அவற்றில் ஒன்று சல்லடைபோல் பல துளைகள் கொண்டது, ஒன்று சங்கின் சுழிபோல் உள்ளே வளைந்து போவது. இன்றைய எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்ப்பவருக்கு இந்த உவமைகள் வியப்பளிக்கும். வழக்கொழிந்து கிடந்த நூல் முறையை 1960களிலிருந்து ஆய்வுக்குரியதாக்கி மீட்டது பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம். அறுவைக்குப் பயன்படும் நூலில் இலைக்கள்ளிப் பாலை 11 முறையும், கள்ளிப்பாலோடு நாயுருவிக் காரத்தை 7 முறையும், மஞ்சளை 3 முறையும் பூசிக் காயவைத்து 21 பூச்சில் தயாரிப்பார்கள். வாரம் ஒருமுறை பழைய நூலின் முனையில் புதியதைக் கட்டி இழுத்து மாற்றுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் பல மையங்களில் நடத்திய ஒப்பீட்டு ஆய்வு 1991இல் வெளியானது: ஆற நூலுக்கு எட்டு வாரம், அறுவைக்கு நான்கு வாரம்; ஆனால் ஓராண்டுக்குள் திரும்பி வந்தது நூலில் 4 சதவீதம், அறுவையில் 11 சதவீதம். மதிப்புள்ள முடிவு. எனினும் இந்த நூலும் தசையை அறுத்தே வெளியே வருகிறது. வெளித்தசையின் பெரும்பகுதியைச் சுற்றிய பாதையில் அதன் ஆபத்து மற்ற அறுக்கும் நூல்களுக்கு உள்ளதுதான். படித்துப் பட்டம் பெற்ற ஆயுர்வேத, சித்த மருத்துவர் கையில் இது ஒரு முறையான சிகிச்சை. ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசியில் குணம் என்று அழைத்து, பாதைக்குள் எரிக்கும் திரவத்தைச் செலுத்தும் தகுதியற்றோர் கையில் நடப்பது முற்றிலும் வேறு. ஆசனவாயே சுருங்கி மலம் கழிக்க முடியாத நிலைக்கு அது கொண்டுபோய் விடலாம்.

பாதையைத் திறந்துவிடும் பழைய அறுவை, எளிய பவுத்திரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமளிக்கிறது. சிக்கலானதில் இதைச் செய்வதென்றால், வெட்டிய தசையை அதே மேசையில் தைத்துச் சேர்ப்பதும் உண்டு. ஆறும் விகிதம் நல்லது. தையல் பிரிந்தால் அடக்கம் குறையும். தசைத் தையலில் பழகிய கையும் நோயாளியின் தசை வலிமையும் இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே இது பொருத்தம்.

தசையை வெட்டாத முறைகளில் மூத்தது திசு மடிப்பை இறக்கி மூடுவது. எல்டிங் என்பவர் 1912இல் பவுத்திரத்துக்குப் பயன்படுத்திய முறையின் வளர்ச்சி இது. பாதையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, உள்துளையைத் தைத்து, அதற்கு மேலுள்ள மலக்குடல் உட்சுவரிலிருந்து ஒரு பட்டையை உரித்துக் கீழே இறக்கி அந்த இடத்தைப் போர்த்துத் தைப்பார்கள். உள்துளைதான் நோயின் வாய் என்பதால் அதை மூடினால் வெளியே உள்ளது தானே வற்றும். ஆய்வுகளில் பத்தில் ஆறு முதல் எட்டுப் பேர் வரை குணமாகின்றனர். பட்டைக்கு இரத்த ஓட்டம் போதாவிட்டால் அது அழுகிவிடும். மலக்குடலிலேயே அழற்சி உள்ளவருக்கு இது உதவாது.

2007இல் பாங்காக் சூலலாங்கோர்ன் பல்கலைக்கழகத்தின் அருண் ரோஜனசகுல் அறிமுகப்படுத்திய லிஃப்ட் அறுவை, வெளித்தசையைத் துளைத்து வரும் பவுத்திரத்தின் சிகிச்சையை மாற்றிவிட்டது. அவர் நோக்கியது உள்துளையையும் அல்ல, வெளித்துளையையும் அல்ல. நோய் முதலில் குடிகொள்ளும் இரு தசைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை. ஆசனவாயின் ஓரத்தில், உள்தசைக்கும் வெளித்தசைக்கும் இடையே கையால் தொட்டாலே தட்டுப்படும் பள்ளம் ஒன்று உண்டு. அங்கே சிறு வெட்டுப் போட்டு, இரு தசைகளையும் விலக்கிக்கொண்டு போனால் குறுக்கே பாதை ஒரு கயிறுபோல் வரும். அதை இரு பக்கமும் கரையும் நூலால் கட்டி, நடுவில் வெட்டிவிட்டு, வெளிப்புறத் துண்டைச் சுரண்டி விடுவார்கள். எந்தத் தசையும் அறுபடுவதில்லை. முதல் அறிக்கையில் 18 பேரில் 17 பேருக்கு ஆறியது. பிறகு உலகெங்கும் செய்தபோது அது பத்தில் ஏழு என்ற அளவுக்கு இறங்கியது. புது முறைகளின் முதல் கணக்கை எப்போதும் சற்றுத் தள்ளியே வைத்துப் பார்க்க வேண்டும். லிஃப்டின் மிகப் பெரிய நன்மை அது தோற்கும் விதத்தில் இருக்கிறது. பல நேரம் வெளித்தசைக்குள் இருந்த பகுதி ஆறிவிட்டு, இரு தசைகளுக்கு நடுவில் மட்டும் ஒரு சிறு புரை மிஞ்சும். சிக்கலான பவுத்திரம் எளியதாகிவிடுகிறது. அதைப் பின்னர் திறந்துவிட்டால் போதும்.

அந்த இடைவெளியையே வேறு வகையில் அணுகுவது டிராபிஸ். பஞ்ச்குலாவைச் சேர்ந்த பங்கஜ் கார்க் 2017இல் இதை வெளியிட்டார். இரு தசைகளுக்கு நடுவில் தேங்கும் சீழை ஆசனவாய்க்குள்ளிருந்தே உள்தசையைத் திறந்து வடியவிட்டு, புண்ணை மூடாமல் உள்ளிருந்து ஆறவிடுவது இதன் அடிப்படை. வெளித்தசை தொடப்படுவதில்லை. உயரமான பாதைகளிலும் குதிரைலாட வகையிலும் நல்ல பலன் அறிவிக்கப்பட்டுள்ளது. உள்தசை ஓரளவு வெட்டுப்படுவதால் சிலருக்கு வாயுக் கசிவு வரக்கூடும். குதிரைலாடப் பவுத்திரத்துக்கு 1965இல் ஹான்லி வகுத்த முறையும் மறக்கத்தக்கதல்ல: பின் நடுவில் ஆழத்திலுள்ள சீழ்க்குழியைத் திறந்து, இருபுறக் கிளைகளையும் நெடுக அறுக்காமல் தனித்தனிச் சிறு வெட்டுகளால் வடியவிடுவது. அதன் திருத்திய வடிவத்தில் நடுவே நூல் வைத்துத் தசையைக் காக்கிறார்கள்.

இன்று விளம்பரங்களில் முன்னால் நிற்பவை வாஃப்டும் லேசரும். வாஃப்ட் இத்தாலியின் மைனெரோ வகுத்தது. வெளித்துளை வழியே மெல்லிய கேமராவைச் செலுத்தி, பாதையைத் திரையில் பார்த்தபடியே கிளைகளைத் தேடி, உட்சுவரை மின்முனையால் கருக்கி, உள்துளையைத் தைத்து மூடுவார்கள். கிளை தேடுவதில் இதன் பயன் பெரிது. லேசரில், நுனியிலிருந்து சுற்றிலும் ஒளி பாய்ச்சும் இழையைப் பாதைக்குள் விட்டு மெதுவாக வெளியே இழுப்பார்கள். சுவர் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால் மூன்றில் இரண்டு பேருக்கு ஆறுகிறது. காயம் சிறிது, அடக்கத்துக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் லேசர் என்ற சொல்லுக்கு நூறு சதவீதக் குணம் என்ற பொருளைச் சேர்த்து விற்பது அநியாயம். கிளைவிட்ட, அகன்ற, சீழ்க்குழியுள்ள பாதையில் அது அடிக்கடி தோற்கிறது. பணம் கட்டுமுன் இதை நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும்.

ஃபைப்ரின் பசையும் பன்றிக் குடல் திசுவால் செய்த அடைப்பானும் ஒருகாலத்தில் பெரும் நம்பிக்கை தந்தவை. பிரிட்டனில் 304 பேரைச் சேர்த்து நடந்த ஃபியட் ஆய்வில், ஓராண்டில் அடைப்பானால் ஆறியவர் 54 சதவீதம். மருத்துவர் தாமே தேர்ந்தெடுத்த வேறு முறைகளில் 55 சதவீதம். செலவு மட்டும் அடைப்பானுக்குக் கூடுதல்.

குரோன் நோயால் வந்த பவுத்திரத்தில் கத்தி இரண்டாம் இடத்துக்குப் போகிறது. சீழை வடித்து, தளர்ந்த நூல் வைத்து, இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற மருந்தைத் தொடங்குவதே அடிப்படை. 1999இல் வெளியான ஆய்வில் இம்மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. அளவில் பெற்றோரில் 55 சதவீதம் பேருக்கு எல்லாத் துளைகளும் மூடின. வெற்று ஊசி பெற்றோரில் 13 சதவீதம். மருந்து தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோய்க்குச் சோதிப்பது கட்டாயம். அழற்சி அடங்கிய பிறகே லிஃப்டோ திசு மடிப்போ. கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த ஸ்டெம்செல் ஊசி 2016இல் 212 பேரிடம் நடந்த சோதனையில் 50 சதவீதம் பேருக்குப் பலன் தந்து, வெற்று ஊசியின் 34 சதவீதத்தை முந்தியது. அடுத்த பெரிய சோதனையில் அந்த வேறுபாடு நிலைக்கவில்லை, 2024இல் ஐரோப்பியச் சந்தையிலிருந்தும் அது விலக்கப்பட்டது. எதற்கும் கட்டுப்படாத ஒரு சிலருக்கு, மலத்தை வயிற்றின் வழி பையில் திருப்பிவிட்டுக் கீழ்ப்பகுதிக்கு ஓய்வு தர நேரிடும்.

அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்து இடுமுன் மருத்துவரிடமிருந்து சில விவரங்களைப் பெறுவது நோயாளியின் உரிமை. எம்.ஆர்.ஐ.யில் உள்துளையும் கிளைகளும் எங்கே உள்ளன, வெளித்தசையில் எவ்வளவு பங்கு பாதைக்குள் இருக்கிறது, செய்யவிருக்கும் முறையில் எந்தத் தசை வெட்டுப்படும், இம்முறை தோற்றால் அடுத்த படி என்ன, எடுக்கும் திசு பயாப்சிக்குப் போகுமா என்பவை அவை. நோயாளியும் மறைக்கக் கூடாதவை உண்டு: ஏற்கெனவே வாயு கசிகிறதா, பிரசவத்தில் கிழிந்து தையல் போட்டதா, முன்பு எங்கே என்ன சிகிச்சை செய்துகொண்டார் என்பது. வெட்கத்தால் விடுபட்ட ஒரு வரி அறுவையின் முறையையே தவறாக்கிவிடும். பழைய அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சீட்டு, எம்.ஆர்.ஐ. படத் தகடு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டுபோவது மருத்துவருக்குப் பேருதவி.

அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் பாதி வேலை குடும்பத்தின் கையில் இருக்கிறது. திறந்துவிட்ட புண் அடியிலிருந்து மேலே ஆறி வர வேண்டும். மேல்தோல் முந்திக்கொண்டு மூடினால் உள்ளே மறுபடி சீழ் தங்கும். அதனால் கட்டு மாற்றும் வேலையைக் கூச்சமின்றிச் செய்ய ஓர் ஆள் வேண்டும். மலம் கழித்தபின் இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் உட்காருவது, கீரை, பழம், தண்ணீர் என்று மலம் இறுகாமல் பார்த்துக்கொள்வது, மருத்துவர் தந்தால் இசப்கோல் எடுத்துக்கொள்வது போதும். வயிற்றுப்போக்கும் நல்லதல்ல, பேதி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. காய்ச்சல், திடீரென்று கூடும் வலி, சிறுநீர் அடைப்பு ஆகிய மூன்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்கலாகாது.

வெளித்துளை மூடியதை மட்டும் வைத்து ஆறிவிட்டதாகக் கொள்ள முடியாது. சிக்கலான பவுத்திரத்தில் மூன்று மாதம் கழித்தோ அதற்குப் பின்போ எடுக்கும் எம்.ஆர்.ஐ., உள்ளே பாதை தழும்பாகிவிட்டதா, ஈரமாகவே இருக்கிறதா என்று காட்டும். திரும்பி வருபவற்றில் பெரும்பாலானவை முதல் ஓராண்டுக்குள் தெரிந்துவிடுவதால், அந்த ஓராண்டும் மருத்துவரைப் பார்த்துவருவது நல்லது. பல்லாண்டுகளாக ஆறாமல் வழிந்துகொண்டிருக்கும் பவுத்திரத்தில் மிக அரிதாகப் புற்று தோன்றுவதுண்டு. பழைய புரையின் தன்மை மாறி, கட்டி தடித்தாலோ, கொழகொழவென்று சளிபோல் கசிந்தாலோ, இரத்தம் கலந்தாலோ அங்கிருந்து திசு எடுத்துச் சோதிக்கிறார்கள்.